தாயை இழந்த குதிரைக்குட்டி: நெடுந்தீவில் வளர்ப்போருக்கு

நெடுந்தீவுக் குதிரைகளின் முன்னோரைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசர் என்பார்கள். ஒல்லாந்தர் இங்கே குதிரை வளர்ப்பைப் பெரிய அளவில் நடத்தினார்கள். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் லெப்டினன்ட் நோலன் என்ற அதிகாரி அதைப் பார்த்துக்கொண்டார். ஆண்டவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் நின்றுவிட்டன. கட்டையான உடலும் கடினமான குளம்புமாக, பவளக்கல் நிலத்தில் முளைக்கிற புல்லையும் துரவுகளில் ஊறுகிற தண்ணீரையும் நம்பி அவை தலைமுறை தலைமுறையாகத் தாமே பிழைத்துவந்திருக்கின்றன. 2015இல் தீவின் 1,846 ஹெக்டேயர் நிலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

தாயை இழந்த, அல்லது தாயால் பாலூட்ட முடியாத குட்டியை என்ன செய்வது என்பதே இந்த அத்தியாயம். ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நாம் வளர்ப்பது வீட்டுக் குதிரையை அல்ல, கூட்டத்துக்குத் திரும்பவேண்டிய குதிரையை. எந்தப் பாலை எப்படிக் கொடுக்கிறோம், யார் கொடுக்கிறார், கொட்டிலை எங்கே போடுகிறோம் என்பதையெல்லாம் அந்த ஒரு நோக்கத்தை வைத்தே தீர்மானிக்கவேண்டும்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள சர்வதேச ஓநாய் மையம் போன்ற இடங்களில் ஓநாய்க் குட்டிகளைச் சின்ன வயதிலேயே தாயிடமிருந்து பிரித்தெடுத்து, ஆட்கள் இரவு பகலாகக் கூடவே இருந்து வளர்ப்பார்கள். அந்த ஓநாய்கள் ஆயுள் முழுக்க அடைப்புக்குள் மனிதர் நடுவே இருக்கப்போகின்றன. மனிதரைக் கண்டு மிரளாமல் இருப்பது அவற்றுக்கு நல்லது. நெடுந்தீவுக் குட்டிக்கு அந்த முறை பொருந்தாது. மனிதரைக் கண்டால் விலகுகிற குதிரைதான் இங்கே பிழைக்கும்.

எடுக்கும் முன்

பூங்காவுக்குள் இருக்கும் விலங்கை யாரும் தம் விருப்பத்துக்குப் பிடிக்கவோ அடைக்கவோ முடியாது. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் அரச கால்நடை வைத்தியருக்கும் தகவல் சொல்லி, அவர்கள் சொன்ன பிறகே குட்டியைத் தொடவேண்டும். பூங்காவுக்கு வெளியே கண்டாலும் இதுவே ஒழுங்கு. பிரதேச செயலகத்தில் சொன்னால் தகவல் உரிய இடத்துக்குப் போய்ச்சேரும்.

அவர்கள் வரும்வரை உங்கள் வேலை, தூர நின்று பார்ப்பது. தனியே கிடக்கிற குட்டி எல்லாம் அநாதைக் குட்டி அல்ல. பிறந்த சில நாட்களுக்குக் குட்டி நெடுநேரம் தூங்கும், பக்கவாட்டில் செத்ததுபோல நீட்டிக் கிடக்கும். தாய் சற்றுத் தள்ளி மேயும். நீங்கள் கிட்டப் போனால் தாய் இன்னும் தள்ளிப்போகும், அதைப் பார்த்து "விட்டுவிட்டுப் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுவோம். குறைந்தது நூறு மீற்றர் தள்ளி, காற்று உங்கள் வாடையைக் குட்டியின் பக்கம் கொண்டுபோகாத இடத்தில், ஒரு வடலியின் மறைவில் இருந்து இரண்டு மணித்தியாலம் பாருங்கள். புதுக்குட்டி ஒரு மணித்தியாலத்துக்குள் பல தடவை பால் குடிக்கும். இரண்டு மணித்தியாலமாக ஒரு தடவையேனும் குடிக்காவிட்டால் ஏதோ சரியில்லை.

குட்டியின் நெற்றியையும் பாருங்கள். அங்கே பால் காய்ந்து மயிர் திரிதிரியாக ஒட்டியிருந்தால், தாயின் மடியில் பால் கட்டி ஒழுகுகிறது, குட்டி மடிக்குக் கீழே போய் நிற்கிறது, ஆனால் சப்பவில்லை என்று அர்த்தம். இங்கே தாய்க்குக் குறையில்லை, குட்டிக்குத்தான் நோய். வைத்தியரிடம் இதைச் சொல்ல மறக்கவேண்டாம்.

முதலில் தாய்க்குத் தண்ணீர்

கோடையில் சோளகம் வீசத் தொடங்கினால் புல் கருகும், துரவுகள் வற்றும், மிஞ்சுகிற தண்ணீர் உவர்க்கும். கடும் வறட்சியில் நெடுந்தீவுக் குதிரைகள் தண்ணீர் இல்லாமலே செத்திருக்கின்றன. பால் கொடுக்கிற பெட்டைக் குதிரைக்கு மற்றக் குதிரைகளைவிட மிக அதிகமாகத் தண்ணீர் வேண்டும். இருநூறு கிலோ நிறையுள்ள ஒன்றுக்கு வெக்கை நாட்களில் இருபது, இருபத்தைந்து லீற்றர் தேவைப்படும். அது கிடைக்காவிட்டால் முதலில் பால் குறையும், பிறகு குட்டி மெலியும், கடைசியில் தாய் விழும். தாய் விழுவதற்கு முன்னமே தண்ணீர் வைத்தால் இந்த அத்தியாயத்தின் மீதிப் பகுதிக்கே தேவை வராது.

தொட்டி தாழ்வாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் சரிவாகக் கல் அடுக்கினால் உள்ளே விழுந்த குட்டி ஏறி வெளியே வரும். ஒரு பெரிய தொட்டியைவிட ஒன்றுக்கொன்று தள்ளி வைத்த மூன்று சிறிய தொட்டிகள் நல்லது. ஒரு தொட்டிதான் என்றால் பலமுள்ள குதிரைகள் அதை மறித்து நின்று, குட்டியோடு வருகிற தாயை விரட்டும். பாவிக்காத துரவுகளுக்குக் கட்டோ வேலியோ போடுவதும் குட்டி காக்கிற வேலைதான்.

முதல் ஒரு நாள்

குதிரைக்குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்புச் சக்தி அதன் இரத்தத்துக்குள் போவதில்லை. அது முழுக்கக் கடும்புப்பாலில் இருந்துதான் வருகிறது. குட்டியின் குடல் அதை உறிஞ்சுகிற திறன் பிறந்து ஆறு, எட்டு மணித்தியாலத்துக்குப் பின் வேகமாகக் குறையும். ஒரு நாள் ஆனால் ஏறக்குறைய மூடிவிடும். ஆகவே பிறந்த அன்றே தாய் செத்துப்போன குட்டிக்கு, வேறு எதைவிடவும் கடும்புப்பால் அவசரம்.

தாய் நோயால் சாகாமல் விபத்தில் செத்திருந்தால், செத்த உடனேயே மடியைக் கழுவிப் பால் கறந்துகொள்ளலாம். இருபது கிலோ குட்டிக்கு முதல் அரை நாளில் அரை லீற்றரில் இருந்து ஒரு லீற்றர் வரை, சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும். குதிரையின் கடும்பு கிடைக்காவிட்டால் அன்று கன்று ஈன்ற பசுவின் கடும்பு. அதன் எதிர்ப்புச் சக்தி குதிரைக்குட்டியில் நெடுநாள் நிற்காது, என்றாலும் ஒன்றும் இல்லாததைவிட அது மேல். ஒரு நாள் கடந்த குட்டிக்கு வைத்தியர் இரத்தத்தைச் சோதித்து, தேவையானால் குதிரைப் பிளாஸ்மா ஏற்றுவதைப் பற்றி முடிவெடுப்பார்.

பால் கொடுக்குமுன் உடல் வெப்பநிலையைப் பாருங்கள். வெப்பமானியில் 37.2 முதல் 38.9 பாகை செல்சியஸ் வரை இருந்தால் சரி. அதற்குக் கீழே இருந்து, காதும் வாயின் உட்பக்கமும் குளிர்ந்திருந்தால் முதலில் குட்டியைத் துடைத்துக் காயவைத்து, சாக்கும் சுடுதண்ணீர்ப் போத்தலும் வைத்துச் சூடாக்கவேண்டும். போத்தல்கள் நேரே தோலில் படவேண்டாம், துணியில் சுற்றி வையுங்கள். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. விரலை வாயில் வைத்தால் சப்பாத குட்டிக்கு வலுக்கட்டாயமாகப் பால் ஊற்றவும் கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும். அப்படியான குட்டிக்குக் குழாய் வழியாகப் பால் செலுத்துவது வைத்தியருடைய வேலை.

தொப்புளை 0.5 வீதக் குளோர்ஹெக்சிடின் கரைசலில் முதல் இரண்டு நாளும் மூன்று, நான்கு தடவை நனைக்கவேண்டும். செறிவான அயடீன் தோலைப் பொசுக்கும். ஏற்புவலி குதிரைகளை மிகச் சுலபமாகப் பிடிக்கும் நோய். தாய்க்குத் தடுப்பூசி போடாத இடத்தில் குட்டிக்கு அதற்கான ஊசியைக் கேட்டுப் போட்டுவிடுங்கள். கரும்பசைபோன்ற முதல் சாணம் ஒரு நாளுக்குள் வெளியேறவேண்டும். வாலைத் தூக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப முக்கினால் அது அடைத்திருக்கிறது.

எந்தப் பால்

குதிரைப்பாலில் கொழுப்புக் குறைவு, பாற்சீனி கூட. பசுப்பாலில் அது மறுவளம். குதிரைக்குட்டிக்கென்று செய்த பால்மா கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. அது வந்து சேரும்வரை பசுப்பாலைத் திருத்திக் கொடுக்கலாம். கறந்த பாலைக் குளிரான இடத்தில் வைத்து, மேலே திரள்கிற ஆடையைப் பாதியளவு எடுத்துவிட்டு, ஒரு லீற்றருக்கு 20 கிராம் குளுக்கோஸ் மா கலக்கவேண்டும். ஆட்டுப்பாலைக் கலக்காமல் அப்படியே கொடுக்கலாம். நெடுந்தீவில் ஆட்டுக்குக் குறைவில்லாததால் பலருக்கும் கைக்கு எட்டுவது அதுதான். ஆட்டுப்பால் குடிக்கிற குட்டிக்குச் சாணம் இறுகுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீனி, பனங்கட்டி, தேன் ஒன்றும் கலக்கக்கூடாது. "நோஞ்சான் குட்டி, கொஞ்சம் பனங்கட்டி போட்டுக் குடு" என்று அன்பாகச் சொல்பவர்கள் ஊரில் எப்போதும் இருப்பார்கள். அந்தச் சீனியைச் செரிக்கிற நொதியம் புதுக்குட்டியின் குடலில் இன்னும் உருவாகியிருக்காது, மறுநாளே கழிச்சல் பிடிக்கும். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் மொனென்சின் என்ற மருந்து சேர்ப்பதுண்டு. கோழிக்கு நல்லது செய்கிற அந்த மருந்து குதிரையின் இருதயத்தைக் கெடுத்துக் கொல்லும். பையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமல் எந்தத் தீவனத்தையும், எந்தக் கன்றுப் பால்மாவையும் குட்டியின் அருகே கொண்டுபோகவேண்டாம்.

இருபது கிலோ குட்டிக்கு உத்தேச அளவு இது:

முதல் நாள்: மொத்தம் 2 லீற்றர். மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 80 முதல் 100 மில்லிலீற்றர்.

முதல் கிழமை: நாளுக்கு 3 முதல் 4 லீற்றர். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவிலும்.

இரண்டாம் கிழமை: நாளுக்கு 4 முதல் 5 லீற்றர். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை.

மூன்றாம், நான்காம் கிழமை: உடல் நிறையின் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை. நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை.

குட்டியின் நிறை ஏறஏற அளவையும் கூட்டவேண்டும். ஒரே நாளில் அளவைக் கூட்டிப் பால்மாவையும் மாற்றினால், கழிச்சல் வந்தபோது எதனால் வந்தது என்று தெரியாது. ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

போத்தலும் வாளியும்

முதல் சில தடவை சூப்பிப் போத்தல் வேண்டியிருக்கும். குட்டி நின்றுகொண்டு, அல்லது நெஞ்சை நிலத்தில் ஊன்றி இருந்துகொண்டு குடிக்கவேண்டும். பக்கவாட்டில் கிடக்கிற குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது. போத்தலைத் தாயின் மடி இருக்கிற உயரத்துக்கு மேலே தூக்கவேண்டாம். தலை நிமிர்ந்தால் பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். குடித்து முடிந்ததும் மூக்கால் பால் வழிந்தாலோ இருமினாலோ நிறுத்திவிட்டு வைத்தியரைக் கேளுங்கள்.

ஓரிரு நாளில் வாளிக்கு மாற்றிவிடவேண்டும். அகலமான, ஆழம் குறைந்த வாளியில் இளஞ்சூடான பாலை ஊற்றி, சுத்தமான விரலைக் குட்டியின் வாயில் வைத்துச் சப்பவிடுங்கள். சப்பிக்கொண்டிருக்கும்போதே விரலை மெல்ல இறக்கிப் பாலுக்குள் கொண்டுபோனால் உதடு நனையும், நாக்கு பாலை இழுக்கும். முதலில் தும்மும், தலையை உதறும், உங்கள் சட்டை முழுக்கப் பால் தெறிக்கும். பசியோடு இருக்கிற குட்டி சில தடவைக்குள் பிடித்துக்கொள்ளும்.

போத்தலில் குடிக்கிற குட்டிக்கு மனிதர்தான் பால். யாரைக் கண்டாலும் ஓடிவரும், முட்டும், சட்டையைச் சப்பும். ஆறு மாதத்தில் அதே குட்டி அதே அன்போடு முன்னங்கால் இரண்டையும் உங்கள் தோளில் தூக்கிப்போடும். கையால் வளர்த்த ஆண்குதிரை மனிதரையும் குதிரையாகவே நினைத்துச் சண்டைக்கு வரும், கடிக்கும். வாளியில் குடிக்கிற குட்டிக்குப் பால் ஓர் இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த வாளியைக் கிடுகுத் தட்டியின் மறுபக்கத்தில் நின்று, முகம் தெரியாமல் உள்ளே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

பாத்திரங்களை ஒவ்வொரு தடவையும் கொதிதண்ணீரால் கழுவவேண்டும். நெடுந்தீவு வெக்கையில் வாளியில் மிஞ்சின பாலை அடுத்த வேளைக்கு வைக்கவேண்டாம்.

கொட்டிலும் துணையும்

கொட்டிலை வீட்டு முற்றத்தில் போடாமல், கூட்டம் மேய்கிற பக்கத்தைப் பார்த்தபடி போடுங்கள். மற்றக் குதிரைகளின் சத்தமும் வாடையும் குட்டிக்கு எட்டவேண்டும். சாந்து பூசாமல் அடுக்கின பவளக்கல் மதில் நெடுந்தீவில் எங்கும் உண்டு. காற்றுக்கு அது நல்ல மறைப்பு. ஆனால் துள்ளுகிற குட்டி மோதினால் மேற்கல் சரியும். உள்பக்கத்தில் ஓர் அடி தள்ளித் தடிவேலி போட்டுவிடுங்கள். மேலே கிடுகோ பனையோலையோ, கீழே காய்ந்த வைக்கோல்.

தனியே விட்ட குட்டி சரியாகச் சாப்பிடாது, வளராது. அடக்கமான வயதான பெட்டைக் குதிரை ஒன்று துணைக்குக் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. கிடைக்காவிட்டால் ஆடு. பால் கொடுக்கிற ஆட்டையே துணைக்கு விட்டால் இன்னும் நல்லது. ஆட்டைப் பலகை மேடையில் ஏற்றி நிறுத்தினால் குட்டி கீழே நின்று மடியில் நேரடியாகக் குடிக்கும். பல நாடுகளில் குதிரை வளர்ப்போர் நெடுங்காலமாகச் செய்துவந்த முறை இது. நெடுந்தீவுக் குட்டியின் சிறிய உருவத்துக்கு நன்றாகவே பொருந்தும்.

ஒரு கிழமைக் குட்டி பெரிய குதிரைகளின் சாணத்தைத் தின்னும். அருவருத்துத் தடுக்கவேண்டாம். புல்லைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் அதன் குடலுக்குள் அப்படித்தான் போகின்றன. தாயில்லாக் குட்டிக்கு ஆரோக்கியமான பெட்டைக் குதிரையின் புதுச் சாணத்தைக் கொஞ்சம் கொட்டிலின் மூலையில் வைக்கவேண்டும். அதனோடு புழுவும் போகக்கூடும் என்பதால் பூச்சிமருந்தை எப்போது கொடுப்பது என்று வைத்தியரிடம் கேட்டு வையுங்கள்.

பார்க்க வருகிறவர்களை ஆரம்பத்திலேயே நிறுத்துங்கள். குறிகட்டுவானில் இருந்து படகேறி வருகிற பலரும் குதிரை பார்க்கத்தான் வருகிறார்கள். அநாதைக் குட்டி இருக்கிறது என்று கேள்விப்பட்டால் பிஸ்கற்றும் கைபேசியுமாகக் கொட்டிலுக்கு வந்துவிடுவார்கள். பால் வைப்பவர் இருவர், சுத்தம் செய்பவர் ஒருவர், அதற்கு மேல் யாரும் வேண்டாம். தடவுதல், பெயர் சொல்லிக் கூப்பிடுதல், விளையாடுதல் ஒன்றும் வேண்டாம். வைத்தியர் சோதிக்கும்போது பிடித்து நிறுத்தவும் காலைத் தூக்கவும் பழக்கினால் போதும்.

கடல் குறுக்கே கிடக்கிறது

கழிச்சல், காய்ச்சல், மூட்டு வீக்கம், தொப்புள் ஈரம், பாலை மறுத்தல் ஆகிய ஐந்தில் எது வந்தாலும் அன்றே வைத்தியரிடம் சொல்லவேண்டும். முதல் இரண்டு கிழமைக்குள் இலேசான கழிச்சல் வருவது சகஜம். குட்டி துள்ளிக்கொண்டு பாலும் குடித்தால், வைத்தியரிடம் சொல்லிவிட்டு, பின்புறத்தைக் கழுவி, தோல் பொசுங்காமல் வசலின் பூசினால் போதும். சோர்ந்து படுத்தாலோ முரசு காய்ந்தாலோ அது வேறு. ஒரு மூட்டு வீங்கி நொண்டினால், "எங்கேயோ இடித்திருக்கும்" என்று விட்டுவிடவேண்டாம். தொப்புள் வழியாகப் புகுந்த கிருமி மூட்டுக்கு வந்திருக்கலாம்.

மாரியில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. குமுதினிப் படகோ நெடுந்தாரகைப் படகோ வரும் என்று நம்பி மருந்துப் பெட்டியை வெறுமையாக வைத்திருக்கக்கூடாது. வெப்பமானி, குளோர்ஹெக்சிடின், சூப்பிகள், குளுக்கோஸ் மா, வைத்தியர் சொன்ன உப்புக்கரைசல், ஒரு கிழமைக்கான பால்மா, நிறை பார்க்க அளவுநாடா, வைத்தியருடைய தொலைபேசி இலக்கம் எழுதின அட்டை ஆகியவை கொட்டிலிலேயே இருக்கட்டும். குடித்த பால், சாணம், வெப்பநிலை, நெஞ்சுச் சுற்றளவு நான்கையும் கொப்பியில் எழுதி வந்தால், வைத்தியர் யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே தொலைபேசியில் சரியான ஆலோசனை சொல்ல முடியும்.

கூட்டத்துக்குத் திரும்புதல்

பத்து நாளிலேயே குட்டி புல்லைக் கடித்துப் பார்க்கும். ஒரு மாதத்தில் மேயத் தொடங்கும். மூன்று, நான்கு மாதத்தில், நன்றாக மேய்கிறது, தண்ணீர் குடிக்கிறது என்று கண்டால் பாலை ஒரு கிழமைக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம்.

மேயத் தெரிந்தால் மட்டும் போதாது, குதிரைகளோடு பழகவும் தெரியவேண்டும். பெரிய குதிரை கிட்ட வந்தால் குட்டி கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடும், பல் இலேசாகத் தட்டுப்படும். "நான் சின்னப்பிள்ளை, அடிக்காதே" என்பதற்கான சைகை அது. மனிதரிடம் மட்டுமே வளர்ந்த குட்டி பெரிய குதிரைகளோடு பழகும் ஒழுங்கு தெரியாமல் நேரே போய் உரசிக் கடிவாங்கும். அமெரிக்காவில் 2020இல் உறைநிலை உயிரணுவில் இருந்து பிரதியாக்கிப் பிறப்பித்த குர்ட் என்ற, பிரெஸ்வால்ஸ்கி எனும் காட்டுக்குதிரை இனத்து ஆண்குட்டியை வளர்ப்புக் குதிரை ஒன்றுதான் பெற்று வளர்த்தது. சான் டியேகோ விலங்குப் பூங்காவுக்கு அதைக் கொண்டுவந்ததும் நேரே கூட்டத்துக்குள் விடவில்லை. ஹொலி என்ற அதே இனத்துப் பெட்டையோடு சேர்த்து, காட்டுக்குதிரைகளின் ஒழுங்கைப் படிக்கவிட்டார்கள். தாய் ஒரு குதிரையாக இருந்தும் குர்ட்டுக்கு அந்தப் பாடம் வேண்டியிருந்தது என்றால், வாளியிடம் வளர்ந்த குட்டிக்கு எவ்வளவு வேண்டும் என்று யோசியுங்கள்.

ஆகவே முதலில் வேலிக்கு அந்தப் பக்கம் அமைதியான ஒரு பெட்டைக் குதிரை. ஒன்றையொன்று மோந்து, பக்கத்தில் நின்று மேயத் தொடங்கிய பிறகு ஒரே பட்டிக்குள் இரண்டும். கடைசியில் இரண்டையும் சேர்த்தே வெளியே விடுங்கள். தனியே போகிற குட்டியை ஆண்குதிரை விரட்டக்கூடும், துணையோடு போவதற்கு இடம் கிடைப்பது எளிது. பெண்குட்டியை விடக்கூடிய கூட்டம் ஆண்குட்டிக்குச் சரிவராமல் போகலாம். இளம் ஆண்கள் சேர்ந்து திரிகிற குழு இருந்தால் வளர்ந்த ஆண்குட்டிக்கு அதைப் பாருங்கள்.

விடுகிற காலத்தை மழைதான் தீர்மானிக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் புல் நிறைந்து, பள்ளங்களில் தண்ணீர் நிற்கும்போது குதிரைகள் ஓர் இடத்துக்காகச் சண்டை பிடிப்பதில்லை. குட்டி ஆவணியில் ஆறு மாதத்தை எட்டினாலும் மழை வரும்வரை வைத்திருங்கள். கோடை நடுவே, எல்லாக் குதிரைகளும் ஒரே துரவைச் சுற்றி நிற்கும் நாட்களில் புதுக்குட்டியை விட்டால் அதற்குத் தண்ணீர் கிடைக்காது.

விட்ட பிறகு இரண்டு கிழமை தூர நின்று பாருங்கள். கூட்டத்தின் ஓரத்திலாவது நிற்கிறதா, மற்றவை குடிக்கும்போது தானும் குடிக்கிறதா, விலாவெலும்பு தெரியத் தொடங்குகிறதா, காயம் உண்டா என்று எழுதிவையுங்கள். மெலிந்தால் துணைக் குதிரையோடு சேர்த்துத் திரும்பப் பட்டிக்குள் எடுத்து, அடுத்த மழைவரை வைத்திருக்கலாம். மெலியாவிட்டால் பழைய கொட்டிலின் வாளியை அப்புறப்படுத்திவிடுங்கள். குட்டி அந்தப் பக்கம் வந்து நின்றாலும் யாரும் எதையும் கொடுக்கவேண்டாம் என்று சுற்றியிருக்கிற வீடுகளுக்கும் சொல்லிவையுங்கள். இரண்டு நாள் வந்து ஒன்றும் கிடைக்காத குட்டி மூன்றாம் நாள் கூட்டத்தோடேயே மேயும். இரக்கப்பட்டு ஒரே ஒருவர் ஒரு துண்டு பாண் கொடுத்தாலும் அது தினமும் வந்து வாசலில் நிற்கும், நீங்கள் மாதக்கணக்கில் பட்ட பாடு அத்தனையும் வீண்போகும்.